5,400 மிதிகளும் 5 ஸ்குவாட்களும்

நிமிடத்துக்கு 90 சுற்று என்ற கணக்கில் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால், ஒவ்வொரு காலும் 5,400 முறை பெடலை அழுத்துகிறது. மூன்று மணி நேரம் என்றால் 16,200 முறை. இத்தனை வேலை செய்த கால்களுக்கு வீட்டில் வேறு தனியாகப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படிக் கேட்டவன்தான். ஒருநாள் விளையாட்டாக, நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து பார்க்கலாமே என்று முயன்றேன். பாதி வழியில் பொத்தென்று மறுபடியும் நாற்காலியிலேயே விழுந்தேன். முந்தைய வாரம் 100 கிலோமீட்டர் ஓட்டிய கால் அது.

இது எப்படி என்பதற்கு விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. 170 மில்லிமீட்டர் கிராங்க் (பெடலை மாட்டியிருக்கும் தண்டு), 90 சுற்று வேகம், 200 வாட் திறன் என்று வைத்துக்கொள்வோம். பொழுதுபோக்காக ஓட்டுகிறவருக்கு 200 வாட் என்பது நல்ல உழைப்பு. அந்த 200 வாட்டுக்குப் பெடல் மேல் விழ வேண்டிய சராசரி விசை சுமார் 125 நியூட்டன், அதாவது 13 கிலோ எடைக்குச் சற்றுக் குறைவு. கால் முழு வலுவோடு கீழே இறங்கும் அந்த நொடியில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகலாம். அப்போதும் 25 கிலோதான். ஒற்றைக் காலில் எழும்போதோ, 70 கிலோ ஆள் தன் உடல் எடையில் பெரும்பகுதியை ஒரே காலால் தூக்க வேண்டியிருக்கிறது. முட்டி மடங்கும் கோணமும் நெம்புவிசையும் வேறுபடுவதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் எது லேசு, எது கனம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆக, சைக்கிள் ஓட்டம் என்பது லேசான விசையை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செலுத்தும் வேலை. எட்டுமணி வெயிலில் மூச்சு வாங்கி, தொடை எரிந்து, இதைவிடக் கடினம் ஒன்று உண்டா என்று தோன்றும்போதுகூட, ஒவ்வொரு மிதியும் தசைக்குச் சின்னச் சுமைதான். எரிச்சலும் சுமையும் ஒன்றல்ல. வீட்டுப் பயிற்சியைத் திட்டமிடும்போது பெரும்பாலோர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். தொடை எரிந்தால் வலு ஏறிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

மேட்டில் பெரிய கியரைப் போட்டு 50 சுற்றில் மிதித்தால் போதாதா என்று கேட்கலாம். அதே 200 வாட்டை 50 சுற்றில் மிதித்தால் சராசரி விசை 23 கிலோ அளவுக்கு ஏறும், உச்சத்தில் 40 கிலோவைத் தாண்டலாம். முன்னதைவிட நிச்சயம் கனம்தான். ஆனால் நிமிடத்துக்கு 50 முறை அதையே செய்ய முடிகிறது என்றால், அது அந்தக் காலின் எல்லையிலிருந்து இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது என்றுதானே பொருள்? குறைந்த சுற்று வேகப் பயிற்சிக்கென்று தனிப் பயன் உண்டு. வலுப்பயிற்சியின் நாற்காலியில் அதை உட்கார வைக்க முடியாது.

வலு கூடினால் சைக்கிளில் எங்கே தெரியும்?

25 கிலோ விசைதான் தேவை என்றால், 80 கிலோ தள்ளும் வலு எதற்கு? கேள்வி நியாயமானது. பதில் தசை இழைகளில் இருக்கிறது.

தசையில் மெதுவாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்காத இழைகளும் உண்டு, வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைத்துவிடும் இழைகளும் உண்டு. நரம்பு மண்டலம் இவற்றை வரிசையாகத்தான் எழுப்பும். லேசான வேலைக்குச் சிறிய, மெதுவான இழைகள் போதும். சுமை ஏற ஏறப் பெரிய, வேகமான இழைகள் களத்துக்கு வரும். ஒவ்வொரு மிதியும் உங்கள் அதிகபட்ச வலுவில் எத்தனை பங்கு என்பதுதான் இங்கே முக்கியம். வலு கூடியவருக்கு அதே 200 வாட் சின்னப் பங்காகிவிடுகிறது. வேகமான இழைகளைத் தொட வேண்டிய தேவை குறைகிறது. அவை சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற எரிபொருள், கடைசி மேடு வரும்வரை கைப்படாமல் கிடக்கிறது.

அதனால் முதல் ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் தெரியும். நார்வே நாட்டு ஆய்வாளர் பென்ட் ரோன்னெஸ்டாடும் சகாக்களும் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். நல்ல பயிற்சி பெற்ற சைக்கிள் ஓட்டிகளில் ஒரு பிரிவினர் தங்கள் வழக்கமான சைக்கிள் ஓட்டத்தோடு 12 வாரம், வாரம் இரண்டு முறை, கனமான வலுப்பயிற்சியும் செய்தார்கள். மற்றவர்கள் ஓட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு எல்லோரையும் 185 நிமிடம் நிதானமாக ஓட்டவைத்து, அதற்கு மேல் 5 நிமிடம் முழு மூச்சில் மிதிக்கச் சொன்னார்கள். வலுப்பயிற்சி செய்தவர்களின் சராசரித் திறன் அந்த 5 நிமிடத்தில் சுமார் 7 சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. 2011இல் வெளியான ஆய்வு இது. அதே ஆண்டு டென்மார்க்கின் பெர் ஆகார்டும் குழுவினரும் தேசிய அணியின் இளம் ஓட்டிகளிடம் 16 வாரம் சோதித்ததில், 45 நிமிடச் சோதனையில் சுமார் 8 சதவீதம் முன்னேற்றம் கண்டார்கள். தசையைத் துளி எடுத்துப் பார்த்தபோது, மிக வேகமாகக் களைக்கும் வகை இழைகள் ஏறக்குறைய மறைந்து, களைப்பைத் தாங்கும் வேகமான இழைகளின் பங்கு 26இலிருந்து 34 சதவீதமாக உயர்ந்திருந்தது. இழைகளின் பருமன் கூடவில்லை. கால் தடிக்காமலே வலு ஏறியிருக்கிறது.

வலுப்பயிற்சி எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுரையீரலும் இதயமும் சேர்ந்து தசைக்குக் கொண்டு சேர்க்கும் ஆக்சிஜனின் உச்ச அளவை அது உயர்த்துவதில்லை. அது ஓட்டத்தின் வேலை. இருக்கும் ஆக்சிஜனை வைத்து இன்னும் கொஞ்ச தூரம் போக வைப்பதுதான் வலுவின் வேலை.

ஹிக்சனின் 11 பயிற்சிகள்

வலுப்பயிற்சியும் நீண்ட ஓட்டமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்ற பேச்சைக் கேட்காத ஓட்டி இருக்க மாட்டார். பேச்சின் வேர் 1980இல் வெளியான ஓர் ஆய்வு. ராபர்ட் ஹிக்சன் எடை தூக்குவதில் ஆர்வமுள்ளவர். உடற்பயிற்சி உயிர்வேதியியலில் பெரும் பெயர் பெற்ற ஜான் ஹோலோசியின் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, அவரோடு தினமும் ஓடவும் தொடங்கினார். ஓட ஓடத் தன் வலுவும் தசையும் கரைவதைப் பார்த்து, இதை முறையாகச் சோதித்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

மூன்று குழுக்கள், 10 வாரம். முதல் குழு வாரம் 5 நாள் வலுப்பயிற்சி மட்டும். இரண்டாவது, வாரம் 6 நாள் ஓட்டமும் சைக்கிளும் மட்டும். மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. முதல் குழுவின் வலு பத்து வாரமும் ஏறிக்கொண்டே போனது. இரண்டையும் செய்தவர்களின் வலு ஏழு வாரம் போல ஏறி, நின்று, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியது. ‘இடையூறு’ என்ற கருத்து அங்கிருந்துதான் பிறந்தது.

ஆனால் அந்தக் குழுவின் வாரத்தைக் கூட்டிப் பாருங்கள். 5 வலு, 6 தாங்குதிறன். மொத்தம் 11 பயிற்சி. தாங்குதிறன் பயிற்சியில் பாதி, இன்டர்வெல் பாணியில், அதாவது நடுநடுவே ஓய்வு விட்டுச் செய்யும் முழுமூச்சு வேலை. அந்தச் சுமையில் எதுதான் இறங்காது? அதோடு, அந்த ஆய்வின் மறுபாதியை யாரும் பேசுவதில்லை. இரண்டையும் செய்தவர்களின் தாங்குதிறன், அதை மட்டுமே செய்தவர்களுக்கு இணையாகத்தான் உயர்ந்தது. இடையூறு ஒரு திசையில்தான் போயிற்று: ஓட்டம் வலுவைக் கெடுத்தது, வலு ஓட்டத்தைக் கெடுக்கவில்லை. சைக்கிள்தான் முதன்மை என்று இருப்பவருக்கு இது கெட்ட செய்தியே இல்லை. 1988இல் ஹிக்சனே இன்னொரு ஆய்வில், ஏற்கெனவே தாங்குதிறன் பயிற்சியில் இருந்தவர்களுக்கு வாரம் மூன்று முறை வலுப்பயிற்சியைக் கூட்டிப் பார்த்தார். உச்ச ஆக்சிஜன் அளவில் 80 சதவீதத்தில் களைத்து நிற்கும்வரை சைக்கிள் மிதிக்கும் நேரம் 71 நிமிடத்திலிருந்து 85 நிமிடத்துக்குப் போனது. முதல் ஆய்வு ஊரறிந்தது. இரண்டாவது, நூலகத்தில் தூங்குகிறது.

உயிரணுக்களுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால்: நீண்ட ஓட்டத்தில் எரிபொருள் குறையும்போது ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. ‘கையிருப்பு குறைவு, புதிதாகக் கட்டுவதை நிறுத்து’ என்று அது சொல்கிறது. கனமான எடையைத் தூக்கும்போது எம்டார் என்ற மற்றொரு பாதை விழித்து, ‘கட்டு’ என்கிறது. முன்னது சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பின்னது ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். இந்தக் கால வித்தியாசம்தான் அட்டவணை போடுவதற்கு அடிப்படை. மனிதர்களிடம் இந்த இரண்டு பாதைகளும் பாடநூல் படம் போல அவ்வளவு துல்லியமாக மோதிக்கொள்வதில்லை என்றும் இப்போது தெரியவந்திருக்கிறது. 2022இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் அதிகபட்ச வலுவும் தசைப் பருமனும் குறிப்பிடும்படி பாதிக்கப்படுவதில்லை என்கிறது. சற்று அடிபடுவது வெடிப்பு வலு, அதாவது சட்டென்று விசையை எழுப்பும் திறன் மட்டும்தான். அதுவும் இரண்டையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துச் செய்யும்போது.

என் பார்வையில், உண்மையான மோதல் நொதிகளுக்குள் நடப்பதைவிடச் சாதாரணமானது. தூக்கம், சாப்பாடு, நேரம் எல்லாம் ஒரே கஜானாவிலிருந்துதான் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை தொடையைப் பிழிந்துவிட்டால் புதன்கிழமை இன்டர்வெல் ஓடாது. அதற்கு ஆய்வகம் தேவையில்லை.

வீட்டில் கனத்துக்கு எங்கே போவது?

வீட்டுப் பயிற்சி என்றதும் பலரும் தொடங்குவது இப்படித்தான்: 30 பஸ்கி (ஸ்குவாட்), 20 தண்டால், 20 லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டி மடக்கி இறங்குவது), ஒரு நிமிடம் பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடலை நேராக நிறுத்துவது), மூச்சு விடாமல் நான்கு சுற்று. வியர்வை ஆறாக ஓடும். திருப்தியாக இருக்கும். சைக்கிளே தொடாதவருக்கு இது நல்ல பயிற்சிதான். சைக்கிள் ஓட்டுகிறவருக்கோ, லேசான சுமையை நிறைய முறை செய்யும் அதே வேலையைச் சைக்கிள் இல்லாமல் மறுபடியும் செய்வதாகிறது. 5,400 மிதியோடு இன்னும் 120 பஸ்கியைச் சேர்த்தால் தசைக்குப் புதிதாக எந்தச் செய்தியும் போகாது. அலுப்பு மட்டும் சேரும்.

வீட்டுப் பயிற்சி, சைக்கிள் தராததைத் தர வேண்டும். அதாவது கனம். 5இலிருந்து 10 முறைக்குள், இன்னும் ஒன்றிரண்டு முறைக்கு மேல் முடியாது என்ற நிலைக்குக் கொண்டுபோகும் சுமை. அந்த 5-10 முறை ஒரு செட். செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. ஓட்டிகளுக்கு இந்தச் சும்மா இருப்பதுதான் ஆகக் கடினம் என்பதைப் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்கவில்லை என்றால் பயிற்சியே நடக்கவில்லை என்று தோன்றும்.

பெரிய இரும்புத் தட்டுகள் இல்லாத வீட்டில் கனத்தைக் கூட்ட எளிய வழி, ஒரு காலை எடுத்துவிடுவது. இரண்டு காலில் பகிர்ந்த எடை ஒரே காலுக்கு வந்தால், ஒரு கிலோகூடச் சேர்க்காமல் சுமை இரட்டிப்பாகிறது. பின்காலை நாற்காலி மேல் வைத்து முன்காலால் இறங்கி ஏறும் பல்கேரியன் ஸ்குவாட் இதில் முதலிடம் பெறும். உறுதியான ஒரு மேடை மேல் ஒற்றைக் காலால் ஏறுவது அடுத்தது. கீழே இருக்கும் கால் தரையை உந்தித் தள்ளி உதவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உதவினால், கணக்கு எழுதுவது ஒரு கால், வேலை செய்வது இரண்டு கால். மல்லாந்து படுத்து ஒரு குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது பிட்டத் தசைக்கு. பெடல் மிதிக்கும்போது இடுப்பு மூட்டு ஒருபோதும் முழுதாக விரிவதில்லை, மடங்கிய நிலையிலேயே சுழல்கிறது. அதனால் அந்தத் தசை தன் வீச்சின் கடைசிப் பகுதியில் வேலையே பார்க்காமல் கிடக்கிறது. ஒரு படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தாழ்த்தி உயர்த்துவது கெண்டைக்காலுக்கு.

இதற்கு மேல் கனம் வேண்டும் என்றால் முதுகுப்பை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எட்டு பாட்டில் எட்டு கிலோ. எடையைக் கூட்டாமலே சுமையைக் கூட்டவும் வழி உண்டு. நான்கு நொடி எடுத்து மெதுவாக இறங்கி, கீழே ஒரு நொடி நின்று, பிறகு முடிந்த அளவு வேகமாக எழுவது. இந்த வேகம் முக்கியம். சுமையின் காரணமாகக் கால் மெதுவாகவே நகர்ந்தாலும் எண்ணம் வேகமாக எழுவதாக இருக்க வேண்டும். நரம்பு கற்றுக்கொள்வது அந்த எண்ணத்தைத்தான். பெடலில் காலுக்குக் கிடைக்கும் அழுத்த நேரம் நொடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. அதற்குள் விசையை எழுப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

ரப்பர் பட்டைகள் பற்றி ஒரு வார்த்தை. இழுக்க இழுக்க இறுகும் என்பதால் தொடக்கத்தில் லேசாகவும் முடிவில் கனமாகவும் இருக்கும். தொடை வேலைக்கு எனக்கு அவை அவ்வளவாக ஒத்துவரவில்லை. முட்டியை மேலே இழுக்கும் பயிற்சிக்கு மட்டும் அவற்றை மிஞ்ச வீட்டில் வேறில்லை. ரோன்னெஸ்டாட் குழு பயன்படுத்திய பயிற்சிகளே மொத்தம் நான்குதான்: அரை ஸ்குவாட், ஒற்றைக் கால் அழுத்தல், ஒற்றைக் காலில் இடுப்பை மடக்கி முட்டியை உயர்த்துதல், கெண்டைக்கால் தூக்குதல். பெடலின் கீழ்ப்பாதையும் மேல்பாதையும் இந்த நான்கில் அடங்கிவிடுகின்றன. இருபது வகைப் பயிற்சிகளைச் சுழற்சியில் வைத்திருப்பவர் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

மேலுடலுக்குத் தண்டால் போதும். தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அது எளிதானால் காலை உயரத்தில் வையுங்கள். இழுக்கும் தசைகளுக்குத்தான் வீட்டில் வழி குறைவு. ஆடாத, கனமான மேசைக்கு அடியில் படுத்து அதன் விளிம்பைப் பிடித்து நெஞ்சை மேலே இழுக்கலாம். மேசை ஆடாது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு.

நடுவுடலும் எலும்பும்

நீண்ட தூரம் ஓட்டுகிறவரிடம் எது முதலில் வலிக்கிறது என்று கேட்டால், பலர் கீழ்முதுகைத்தான் சொல்வார்கள். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஓட்டிகளின் நடுவுடல் தசைகளைப் பயிற்சியால் களைக்கவைத்து, பிறகு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். பெடலில் விழும் விசை குறையவில்லை. ஆனால் முட்டி பக்கவாட்டில் கூடுதலாக அலைந்தது. ஒரு மிதிக்குச் சில மில்லிமீட்டர் அலைச்சல் என்றால் 16,200 மிதிக்கு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். முட்டி வலிக்குச் சீட் உயரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இடுப்பையும் கொஞ்சம் பார்க்கலாம். பிளாங்க், பக்கவாட்டுப் பிளாங்க், மல்லாந்து படுத்து எதிரெதிர் கைகாலை மெதுவாக நீட்டும் பயிற்சி ஆகிய மூன்றே போதும். ஐந்து நிமிடம் பிளாங்கில் நிற்பது ஊர் மெச்சும் சாதனைதான். அரை நிமிடத்திலேயே நடுங்கவைக்கும்படி அதைக் கடினமாக்குவது அதைவிடப் பயனுள்ளது.

எலும்பைப் பற்றி ஓட்டிகள் பேசுவதே இல்லை. சைக்கிள் உடல் எடையைச் சீட்டில் தாங்கிக்கொள்கிறது. மூட்டுக்கு அது வரம், எலும்புக்கு அது சாபம். தட்டும் அதிர்வும் இல்லாத எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளாது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, சாலையில் சைக்கிள் ஓட்டும் ஆண்களையும் காலால் ஓடும் ஆண்களையும் ஒப்பிட்டது. முதுகுத்தண்டிலோ இடுப்பிலோ எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் ஓட்டக்காரர்களில் 19 சதவீதம், சைக்கிள்காரர்களில் 63 சதவீதம். நாற்பதைத் தாண்டியவருக்கு, என்னைக் கேட்டால், வலுப்பயிற்சிக்கு இந்த ஒரு காரணமே போதும். வேகம் கூடுவதெல்லாம் மேல்வரும்படி. கனமான ஸ்குவாட்டோடு, வாரம் இரண்டு முறை பத்துப் பதினைந்து குதிப்புகளைச் சேர்த்தால் எலும்புக்கு வேண்டிய அதிர்வும் கிடைக்கும், வெடிப்பு வலுவும் வரும். ஏற்கெனவே எலும்பு மெலிந்தவர் என்று தெரிந்தவர்களும், முட்டி, முதுகுத் தொந்தரவோ இதய நோயோ உள்ளவர்களும் குதிப்பதற்கும் கனம் தூக்குவதற்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த நாளில்?

புதியவர்கள் இயல்பாகச் செய்வது, ஓட்டம் இல்லாத நாட்களில் வலுப்பயிற்சியை வைப்பது. தாளில் பார்க்க அழகாக இருக்கும். திங்கள் வலு, செவ்வாய் இன்டர்வெல், புதன் வலு, வியாழன் இன்டர்வெல். இதில் கால்கள் ஓய்வெடுக்கும் நாள் எங்கே? ஒவ்வொரு நாளும் அரைக் கடினமாகி, எந்த நாளும் முழு வேகத்தில் ஓட்ட முடியாமல் போகும்.

அனுபவப்பட்டவர்கள் கடினமானதைக் கடினமானதோடு அடுக்குகிறார்கள். செவ்வாய் காலை இன்டர்வெல், அன்று மாலையே வலுப்பயிற்சி. நடுவே குறைந்தது ஆறு மணி நேரம். புதன் லேசான ஓட்டம் அல்லது முழு ஓய்வு. வியாழன் இரண்டாவது வலுப்பயிற்சி. வார இறுதியில் நீண்ட சவாரி. இந்த அமைப்பில் வியாழனுக்கும் சனிக்கும் நடுவே ஒரு முழு நாள் கிடைக்கிறது. காலையில் ஓட்டத்தை முதலில் வைப்பதற்கும் காரணம் உண்டு. களைத்த காலோடு ஓட்டினால் இன்டர்வெலின் தரம் போய்விடும். ஆறு மணி நேரத்தில் ஏஎம்பிகே அடங்கியிருக்கும், நடுவில் சாப்பிட்டிருப்பீர்கள். மாலையில் எடை தூக்கியபின் இரவு முழுக்கக் கட்டுமான வேலைக்கு விட்டுவிடலாம்.

ஒருநாளில் ஒரே வேளைதான் கிடைக்கும் என்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தாலும் குடி முழுகாது. சைக்கிள்தான் முக்கியம் என்றால் கடினமான ஓட்டம் முதலில், பிறகு வலு. குதிப்புப் பயிற்சிகளை மட்டும் கால் புத்துணர்ச்சியோடு இருக்கும் வேறொரு நாளுக்கு மாற்றிவிடுங்கள். நீண்ட சவாரிக்கு முந்தைய நாள் கனமான கால் பயிற்சி வேண்டவே வேண்டாம். நான் இந்தத் தப்பைச் செய்து, 80ஆவது கிலோமீட்டரில் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

முதல் மூன்று வாரம் தனிக் கணக்கு. சைக்கிளில் தசை சுருங்கியபடியேதான் விசை தருகிறது, நீண்டபடி எடையைத் தாங்கும் வேலை அதற்குப் பழக்கமே இல்லை. ஸ்குவாட்டில் இறங்கும்போது நடப்பது அந்த வேலைதான். அதனால் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியவரானாலும் முதல் பயிற்சிக்குப் பின் இரண்டாம் நாள் மாடிப்படி இறங்கத் திண்டாடுவார். முதல் வாரம் ஒரே செட், பாதிச் சுமை. அந்த ஒரு செட்டே அடுத்த முறை வலியைக் கணிசமாகக் குறைத்துவிடும். ஓட்டத்தின் அளவை இந்த மூன்று வாரம் சற்றுக் குறைத்துக்கொள்வதும் நல்லது. ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு வலுவைப் பயிற்சிக்கு மேல் பயிற்சியாக அடுக்குகிறவர்கள்தான் ஆறாவது வாரத்தில் ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

எடை கூடி மேட்டில் இழுபறியாகிவிடுமே என்ற பயம் ஓட்டிகளிடம் பரம்பரை பரம்பரையாக வருவது. வாரம் எட்டு மணி நேரம் சைக்கிள் மிதிக்கிறவருக்குத் தசை அவ்வளவு சுலபத்தில் பெருகாது. பெருக்க வேண்டும் என்று துடிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வலுவையும் ஓட்டத்தையும் கூட்டுவதுதான் ஆபத்து. புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் இருந்தால் போதும். அதைவிட அதிகம் எடுப்பதால் தசைக்குக் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. மாவுச்சத்தைக் குறைத்துவிட்டுப் புரதத்தை மட்டும் ஏற்றுவது, பெட்ரோல் இல்லாத வண்டிக்கு டயர் மாற்றுவது போல.

போட்டியோ பெரிய சவாரியோ நெருங்கும் மாதங்களில் வலுப்பயிற்சியை ஒரேயடியாக நிறுத்திவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. குளிர்காலத்தில் கட்டியதைக் கோடையில் கரையவிடுவது அது. ரோன்னெஸ்டாடின் 2010 ஆய்வில், 12 வாரம் வாரமிருமுறை செய்து வலுவைக் கட்டியவர்கள், அதன்பின் 13 வாரப் போட்டிக் காலத்தில் வாரம் ஒருமுறை மட்டும் செய்தே அதைக் காப்பாற்றிக்கொண்டார்கள். குறைக்க வேண்டியது செட்டை. சுமையைக் குறைக்கக் கூடாது. இரண்டு பயிற்சி, இரண்டு செட், ஐந்து முறை. வார்ம்-அப்பையும் சேர்த்து 25 நிமிடத்தில் முடிந்துவிடும். போட்டி அல்லது சவாரி நாளுக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு கடைசிக் கனமான பயிற்சியை வைத்துக்கொண்டால் கால் லேசாகிவிடும்.

சவாரி முடிந்ததும் ஒரு மாதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர், முதுகுப்பையில் முன்பு வைத்த அதே எட்டு பாட்டிலோடு தொடங்க ஆசைப்படுவார். வலு பெரும்பாலும் அப்படியே இருக்கும், தூக்கவும் முடியும். வலி தாங்கும் பழக்கம்தான் அதற்குள் போயிருக்கும். நான்கு பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்க வேண்டிவரும்.